பாரதம் நடந்த வழிகள் – 14: கவிகள் நிறுத்திய இடத்தில் எழுந்த கரகம்

ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கோயில் எடுத்து, அதன் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கிச் செப்பேடு வெட்டுவித்ததையும், அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியதையும், பிற்காலத்தில் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் வேண்டிக்கொள்ள வில்லிபுத்தூரார் அதே கதையைச் சந்தம் துள்ளும் விருத்தங்களாகப் பாடித் தந்ததையும் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். அவை யாவும் ஓலையில் ஏறியவை. எழுதியவர் பெயரும் எழுதுவித்தவர் பெயரும் உடையவை. இந்த அத்தியாயத்தில் நாம் காணப்போவது ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு பாரதம். சித்திரை மாதத்துப் பௌர்ணமி இரவில், பெங்களூரின் பழைய பேட்டை வீதிகளில், ஒருவர் தலைமேல் ஏறிக்கொண்டு விடிய விடிய அது ஊரைச் சுற்றிவருகிறது.

பெங்களூரின் கதையைத் தொடங்குவோர் எவரும் கெம்பே கௌடர் 1537-இல் மண்கோட்டை கட்டிப் பேட்டைகளை வகுத்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் தனித்தனியே வகுக்கப்பட்ட அந்தப் பேட்டைகளில், சிக்கபேட்டை, நகரத்துப்பேட்டை, காணிகரபேட்டை என்ற பெயர்களின் நடுவே திகளர்பேட்டை என்றும் ஒன்று உண்டு. துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தச் சந்துகளுக்குள்ளே தர்மராய சுவாமி கோயில் இருக்கிறது. சிவனுக்கோ விஷ்ணுவுக்கோ கட்டியதாயின் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. இங்கே மூலஸ்தானத்தில் எழுந்தருளியிருப்பவர் யுதிஷ்டிரர். கிருஷ்ணனும், தம்பியர் நால்வரும், திரௌபதியும், காவல் தெய்வமான போத்தராஜனும் உடனிருந்து பூசை ஏற்கின்றனர். கோயிலுக்குப் பெயர் தர்மராயருடையது. உற்சவமோ முழுக்க முழுக்கத் திரௌபதிக்குரியது.

இந்த உற்சவம் பாரதத்தின் எந்தப் பகுதியை நடத்திக் காட்டுகிறது என்று பார்ப்பதற்கு முன், ஏட்டுப் பாரதங்கள் எந்த இடத்தில் முடிகின்றன என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. வியாசர் பதினெட்டுப் பர்வங்கள் செய்தார். வில்லிபுத்தூரார் அவற்றுள் ஆதி பருவம் தொடங்கிச் சௌப்திக பருவம் வரையில் பத்தையே பாடி நிறுத்தினார். அவருடைய காலத்துக்கு அணித்தான காலத்திலேயே கன்னட நாட்டில் கதகில் வாழ்ந்த நாரணப்பர், குமாரவியாசர் என்று உலகம் கொண்டாடும் அப்பெருங்கவி, பாமினி ஷட்பதி என்னும் ஆறடிப் பாவில் தாம் செய்த பாரதத்தையும் கதா பர்வத்தோடு பத்தில் நிறுத்தினார். தினமும் குளத்தில் நீராடிவிட்டு வீரநாராயணர் கோயில் தூணருகே ஈரத் துணியோடு அமர்ந்து, துணி உலரும் வரையில் மட்டும் அவர் பாடுவார் என்பது அந்நாட்டுக் கர்ண பரம்பரை. ஒருவர் ஒரு குறுநிலத் தலைவன் வேண்டப் பாடியவர். மற்றவர் தெய்வ சந்நிதியில் தானாகப் பாடியவர். இருவருக்கும் போர் முடிந்து, துரியோதனன் வீழ்ந்து, தருமன் அரசெய்தியதோடு கதை நிறைந்துவிட்டது. குமாரவியாசர் விட்டதைக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் திம்மண்ண கவியும், வில்லியார் விட்டதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளையும் தொடர்ந்து முடித்தார்கள் என்றாலும், சபைகளில் வாசிக்கவும் திண்ணைகளில் பாடவும் ஜனங்கள் விரும்பி எடுத்தவை அந்தப் பத்துப் பர்வங்களே.

முடிவு எங்கே என்பது சிறு விஷயம் அன்று. பாரதம் சொல்ல எடுத்த ஒவ்வொருவருடைய உள்ளக் கருத்தும் அவர் கதையை நிறுத்தும் இடத்தில்தான் வெளியாகிறது. ஆதிகவி பம்பன் 941-இல் விக்கிரமார்ஜுன விஜயத்தை முடித்தபோது, தன் புரவலன் அரிகேசரியை அர்ஜுனனாகவே பாவித்துப் பாடியவனாதலால், சிம்மாசனத்தில் அர்ஜுனனையும் சுபத்திரையையும் அமர்த்தினான். அவன் காவியத்தில் திரௌபதி அர்ஜுனன் ஒருவனுக்கே மனைவி. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ரன்னன், சத்யாச்ரயனைப் பீமனாக வைத்துக் கதாயுத்தம் பாடினான். அங்கே முடி சூடுகிறவர்கள் பீமனும் திரௌபதியும். நம் பாரதியார் 1912-இல் வெளியிடத் தொடங்கிய பாஞ்சாலி சபதத்துக்குப் போரும் வேண்டியிருக்கவில்லை, வெற்றியும் வேண்டியிருக்கவில்லை; அடிமைப்பட்டிருந்த தேசத்துக்குச் சபையில் எழுந்த சபதமே போதுமாயிருந்தது. இந்த வரிசையில் திகளர்பேட்டையின் பாரதத்தை வைத்துப் பார்த்தால் அதன் தனித்தன்மை விளங்கும். மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு எழுந்துபோன இடத்துக்கும் அப்பால், பதினேழாம் பர்வத்தில், அது தொடங்குகிறது.

மகாப்ரஸ்தானிகம் என்னும் அந்தப் பர்வத்தில் பாண்டவர்கள் அரசு துறந்து, மரவுரி தரித்து, இமயத்தைக் கடந்து மேருவை நோக்கி நடக்கின்றனர். ஒரு நாய் பின்தொடர்கிறது. நடப்பவர்களில் முதலில் விழுபவள் திரௌபதி. அவள் ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். ஐவரிடத்தும் ஒப்ப வைக்க வேண்டிய அன்பை அர்ஜுனனிடத்தில் அதிகம் வைத்தாள், அதன் பலன் இது என்று சொல்லிவிட்டு, தருமபுத்திரர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். பின் சகதேவனும், நகுலனும், அர்ஜுனனும், பீமனும் ஒருவர்பின் ஒருவராக விழ, நாயும் தருமரும் மட்டுமே மிஞ்சுகின்றனர். கவியின் கண் அவர்கள் பின்னால் போய்விடுகிறது. விழுந்துகிடக்கும் திரௌபதியிடம் அதன்பின் அந்த மலைவழியில் யாரும் திரும்பி வருவதில்லை.

திரும்பி வந்தவர்கள் திகளர்கள். அவர்களிடம் வாய்மொழியாக வழங்கும் கதை, பாண்டவர்கள் முன்னே போய்விட்டபின் தனியே கிடக்கும் திரௌபதியிடம் திரும்பி வருகிறது. மூர்ச்சை தெளிந்து அவள் கண் விழிக்கும்போது திமிராசுரன் என்னும் அரக்கன் எதிரே நிற்கிறான். உதவிக்கு ஐவரில் ஒருவரும் இல்லை. சபையில் துகிலுரிந்தபோது கைகூப்பிக் கண்ணனை அழைத்தவள் இப்போது எவரையும் அழைக்கவில்லை. ஆதிசக்தியாக விசுவரூபம் எடுக்கிறாள். அவளுடைய அங்கங்களிலிருந்து வீரர்கள் தோன்றுகிறார்கள். அவர்களே வீரகுமாரர்கள், குலத்துக்குள் இன்றும் வழங்கும் கௌடர், கணாசாரி, கண்டே பூசாரி முதலிய பட்டங்களும் அந்தப் பிறப்போடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. அசுரன் மாள்கிறான். காரியம் முடிந்து தேவி மேலுலகம் செல்லப் புறப்படுகையில், இப்போதுதான் பிறந்த பிள்ளைகள் தாயை விட மறுத்து வாளால் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். ஆண்டுதோறும் முதல் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி உங்களிடம் வந்து தங்குவேன் என்று அவள் வாக்குக் கொடுக்கிறாள். அந்த வாக்கின் நிறைவேற்றமே கரகம்.

இக்கதையில் வியாசருக்கு விரோதமாக எதுவும் சொல்லப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திரௌபதி விழுந்தாள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விழுந்ததற்கு அவளுடைய பாரபட்சமே காரணம் என்ற தீர்ப்பைப் பற்றி மட்டும் வாய் திறவாமல், விழுந்தவளுக்கு அப்புறம் என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். மூலநூலில் தண்டனையாக நிற்கும் ஒரு நிகழ்ச்சி இவர்கள் கையில் ஒரு குலத்தின் ஜனனமாக மாறியது.

இப்படிக் கேட்டவர்கள் யார்? கன்னட நாட்டார் தமிழரைக் குறிக்க வழங்கிய பெயரையே குலப்பெயராகத் தாங்கிய தோட்டக்காரர்கள். வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். தமிழ்நாட்டு வன்னியரைப் போலவே அக்கினியில் தோன்றிய மரபினர் என்ற ஐதீகம் உடையவர்கள். துருபதனுடைய வேள்வித் தீயில் பிறந்த திரௌபதியை அவர்கள் குலதெய்வமாகக் கொண்டதில் ஆச்சரியம் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர்கள் வீட்டுப் பேச்சில் கலந்து ஓடும். பூவும் கீரையும் காய்கறியும் பயிரிட்டு ஊருக்கு ஊட்டுவது தொழிலாகவும், ஏரிக்கரையே இருப்பிடமாகவும் இருந்தன. 1760-இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தை அமைக்கத் தொடங்கிய நாள்தொட்டு அந்த மண்ணோடு திகளர்களுடைய கைத்திறமையும் சேர்த்தே பேசப்பட்டு வருகிறது.

திரௌபதி வழிபாட்டின் தாய்நாடு செஞ்சி. அங்கே மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலையே ஆதிக்கோயில் என்று தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் உள்ள பல திரௌபதி கோயிலார் சொல்வார்கள். செஞ்சிக்கும் பெங்களூருக்கும் இடையே மலைத்தொடரும் மொழியெல்லையும் இருந்தபோதிலும், இரண்டு ஊரும் ஒரே ஆட்சிக்குள் அடங்கிய காலம் ஒன்று உண்டு. 1638-இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றியபின் அது சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு ஜாகீராயிற்று. சுமார் பத்தாண்டுகளுக்குப் பிறகு செஞ்சியும் அதே பீஜப்பூர் வசமாயிற்று. படையும், படைக்குப் பின்னால் வியாபாரிகளும், பஞ்சத்துக்கு அஞ்சிய குடியானவர்களும் அக்காலத்தில் நடந்த பாதைகளைப் பார்த்தால், தெய்வங்களும் அவ்வழியே நடந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது. பெங்களூரில் மட்டுமன்றி, கோலாரிலும், ஆனேக்கலிலும், ஹொஸகோட்டேயிலும் கரகம் எழுவது அந்தப் பாதையின் அடையாளமாகவே தோன்றுகிறது.

செஞ்சி நாட்டில் இந்த உற்சவம் எவ்வாறு நடக்கிறது என்பதை ஒருமுறையேனும் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பகலெல்லாம் பந்தலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவெல்லாம் அதே கதை கூத்தாக ஆடப்படும். அர்ஜுனன் தபசு நாளில் நட்டுவைத்த நெடுமரத்தில் கூத்தாடி பாடிக்கொண்டே ஏறுவான். பதினெட்டாம் போர் நாளன்று திடலில் மண்ணால் பிசைந்த துரியோதனன் இருபது முப்பது முழம் நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரன் அந்த உருவத்தின்மேல் ஏறித் தொடையில் அடிக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. சபையில் இட்ட சபதம் திடலில் நிறைவேறி, அவள் பிறந்த நெருப்பிலேயே பக்தர்கள் நடந்து வரும்போது செஞ்சியின் பாரதம் தன் சிகரத்தை எட்டிவிடுகிறது. அவ்வகையில் அது வில்லியின் பாரதமே.

அதே தெய்வம் மைசூர்ச் சீமைக்கு ஏறிவந்தபோது சிகரம் இடம் மாறிற்று. செஞ்சியில் நெருப்புக்குள்ள ஸ்தானம் இங்கே தண்ணீருக்குக் கிடைத்தது. ஏரியை நம்பிப் பயிர் வைப்பவர்களின் தெய்வத்துக்கு அது பொருத்தமும் ஆகும். சைத்திர சுக்கில சப்தமியில் கொடியேறும். திரயோதசியன்று வீரகுமாரர்கள் புடைசூழப் பூசாரியார் சம்பங்கி ஏரிக்குச் செல்வார். ஏரிமண்ணால் அமைந்த, சுடாத பச்சைக் குடத்தில் தேவி ஆவாகனமாவது அங்கேதான். ஹசி கரகம் என்று அதற்குப் பெயர். இப்போது அங்கே போய் ஏரியைத் தேடுகிறவருக்குக் கண்டீரவ விளையாட்டரங்கமும் சம்பங்கிராம நகர் என்ற பேட்டைப் பெயரும் தென்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் நகரத்துக்கு வந்தபின் ஏரிகளின் அவசியம் குறைந்தது. கரையோரத் தோட்டங்கள் மறைந்தன. ஏரிப்படுகை விளையாட்டுத் திடலாயிற்று. ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தேவி இன்றும் அங்கிருந்தே புறப்படுகிறாள்.

பௌர்ணமி இரவில் கோயிலுக்குள் அர்ஜுனன் திரௌபதி கல்யாணம் நடக்கும். நள்ளிரவு கடந்தபின் கரகம் வெளியே வரும். அதைத் தாங்கும் பூசாரியார் பல மாதங்கள் விரதம் காத்தவர். மஞ்சள் புடவை உடுத்து, கண்ணுக்கு மை தீட்டி, கை நிறைய வளையல் அணிந்திருப்பார். தம் மனைவியின் தாலியையும் வளையலையும் தாமே பூண்டுகொள்வதும், விழா முடியும் வரை அந்த அம்மையார் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருப்பதும் சம்பிரதாயம். தலைமேல் கரகம், அதன்மேல் கோபுரமாகக் குவித்துத் தொடுத்த மல்லிகை. ஒரு கையில் குறுவாளும் மறு கையில் கோலும் இருப்பதால் கரகத்தைப் பிடிக்கக் கை இல்லை, பிடிக்கவும் கூடாது. சுற்றிலும் தலைப்பாகை கட்டித் திறந்த மார்போடு நிற்கும் வீரகுமாரர்கள் உருவிய வாளுடன் ஓடிவருவார்கள். கரகம் சரிந்தால் தாங்குபவரை அந்த வாள்கள் அங்கேயே வீழ்த்த வேண்டும் என்பது வழிவழியாக வரும் விதி. கோவிந்தா, கோவிந்தா என்ற கோஷம் எழும்போது கூட்டம் வழிவிட, பூசாரியார் நடப்பதில்லை, ஏறக்குறைய ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் மல்லிகைக் கோபுரம் லேசாக அசைகிறதே ஒழியச் சாய்வதில்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் மல்லிகை தூவி வரவேற்பார்கள். திமிராசுரனை வென்ற கதையை யாரும் அந்த வீதியில் நின்று எடுத்துச் சொல்வதில்லை. வாளேந்திய பிள்ளைகளின் நடுவே தாய் வருகிறாள் என்பதைக் கண்டவுடனே கதை முழுவதும் சொல்லியாகிவிட்டது.

அவென்யூ ரோடு, மார்க்கெட் என்று பேட்டை வீதிகளைச் சுற்றி வரும் கரகம் காட்டன்பேட்டையில் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்கிறது. ஹைதர், திப்பு காலத்தவர் என்று போற்றப்படும் அந்த மகான், கரக ஊர்வலம் தம் இடத்துக்கும் வந்துபோக வேண்டும் என்று விரும்பினார் என்பது இரு சாராரும் சொல்லும் ஐதீகம். வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்கள் இதைப் பெங்களூருக்கே உரிய ஓர் அதிசயமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். செஞ்சி நாட்டுத் திரௌபதி கோயில்களை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு அதிசயமாகப் படாது; அங்கே அம்மன் சந்நிதிக்கு எதிரே போத்தராஜனோடு முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரனும் காவல் நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். நவாபுகளின் குதிரைப்படைகள் கிராமத்து வழியாகப் போய்வந்த நாட்களில், தன் எல்லைக்குள் வந்த எவனையும் இத்தெய்வம் தன் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டது. வியாசருடைய குருக்ஷேத்திரத்துக்குக் காம்போஜரும் யவனரும் வந்து சேர்ந்தார்கள் என்றால், திகளர்பேட்டையின் குருக்ஷேத்திரத்துக்கு மஸ்தான் சாகேப் வருவதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.

பூனாவில் பண்டார்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த மகாபாரதப் பதிப்புக்காக 1,259 கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, பாரத தேசம் முழுவதும் சிதறிக்கிடந்த பாடங்களுக்குள் தொன்மையானதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மகத்தான பதிப்பில் திமிராசுரனைத் தேடினால் கிடைக்கமாட்டான், போத்தராஜனும் கிடைக்கமாட்டான். அதனால் கரகத்தின் பாரதம் பொய்ப் பாரதம் என்று எண்ணிவிடலாகாது. பாடபேத ஆராய்ச்சி விடையளிக்கும் கேள்வி, மிகப் பழைய பாடம் எது என்பது. ஒரு கதை இன்னாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வீதியில் இருக்கிறது. புரவலனுக்குத் தன் சாயலில் ஒரு நாயகன் தேவைப்பட்டான். பம்பனும் ரன்னனும் கொடுத்தார்கள். பக்தனுக்குக் கண்ணன் லீலை தேவைப்பட்டது, குமாரவியாசர் கொடுத்தார். சொந்த நிலத்தை விட்டு வேற்று மொழி நாட்டில் ஏரிக்கரையில் குடியேறிய ஒரு ஜனத்துக்குத் தேவைப்பட்டவள், கணவர் ஐவரும் திரும்பிப் பாராமல் போனபின்னும் தானே எழுந்து நின்று, தன் உடம்பிலிருந்தே தனக்கென ஒரு கூட்டத்தை உண்டாக்கிக்கொண்ட ஒரு தாய். அப்படி ஒருத்தி வியாசரின் பதினேழாம் பர்வத்தில் தனித்துக் கிடந்தாள். அவர்கள் அவளை எழுப்பிக்கொண்டார்கள். கவிகள் பத்தாம் பர்வத்தில் நிறுத்தியது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. அதற்கு மேற்பட்ட பகுதியில் அவர்களோடு போட்டியிட, ஜனங்கள் விரும்பி எடுத்த ஏடு எதுவும் இல்லாமற் போனதே, தங்கள் கதையைத் தங்கள் மனம்போல் வளர்க்க அவர்களுக்கு வசதியாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

கரகம் செஞ்சியிலிருந்து மேற்கே ஏறிய பாரதம். கிழக்கே கடல் கடந்து சென்ற பாரதமும் ஒன்று உண்டு. இலங்கையின் கீழ்க்கரையில் பாண்டிருப்பு என்னும் ஊரில் திரௌபதி அம்மனுக்குப் பதினெட்டு நாள் உற்சவம் எடுத்து, வனவாசமும் தவநிலையும் தீமிதியுமாகப் பாரதத்தை ஊரே நடத்தும் முறையையும், அங்கிருந்து தெற்கே கதை எவ்வாறு மாறிற்று என்பதையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)